சிவப்பு அறையிலிருந்து சிவப்புப் பேனல் வரை

பெரியம்மை கண்டவரைச் சிவப்புத் திரை போட்ட அறையில் படுக்க வையுங்கள், தழும்பு குறையும் என்று 1893ல் கோபன்ஹேகனிலிருந்து ஓர் இளம் மருத்துவர் எழுதினார். நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென் என்பது அவர் பெயர். அதே ஆண்டு நார்வேயின் பெர்கன் நகரில் லிண்ட்ஹோல்ம், ஸ்வெண்ட்சென் என்ற இரு மருத்துவர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். பலன் தெரிகிறது என்றும் எழுதினார்கள்.

சிவப்புக்கும் அம்மைக்கும் உறவு அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் காட்ஸ்டன் என்ற மருத்துவர், அரசர் மகனுக்கு அம்மை கண்டபோது படுக்கையைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் சிவப்பாக்கினார். ஜப்பானில் சிவப்பு மையில் அச்சிட்ட படங்களை அம்மை கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் நிலைப்படியில் வேப்பிலை செருகியது போல அவர்களுக்குச் சிவப்பு ஒரு காவல்.

ஃபின்சென் நினைத்தது வேறு. சிவப்பு ஒளி நன்மை செய்யும் என்று அவர் சொல்லவில்லை. கொப்புளத்தைச் சீழ் பிடிக்க வைப்பது வெயிலின் ஊதா, புற ஊதாப் பக்கம்தான். அதை வெளியே நிறுத்திவிட்டு, நோயாளியைப் பார்த்துக்கொள்ள மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். அதற்குச் சிவப்பு போதும். இதுதான் அவர் கணக்கு. ஃபோட்டோத் தகட்டை எவ்வளவு கவனமாக வெளிச்சம் படாமல் காப்பார்களோ, அவ்வளவு கவனமாக நோயாளியைக் காக்க வேண்டும் என்றார்.

அவர் சொன்னது எனக்குப் படித்தவுடனே விளங்கியது. கும்பகோணத்தில் அப்பா நடத்திய ஸ்டூடியோவின் டார்க் ரூமில்தான் நான் தொழில் கற்றேன். சுவரில் ஒரே ஒரு சிவப்பு பல்பு. அந்த வெளிச்சத்தில் கருப்பு வெள்ளை பேப்பரைப் பிரித்து, என்லார்ஜரின் அடியில் வைத்து, சில நொடி வெள்ளை ஒளி காட்டி, டெவலப்பர் தட்டில் போட்டு ஆட்டிக்கொண்டே இருப்போம். முதலில் தலைமுடி வரும், பிறகு புருவம், பிறகு கண். வேலை முடியும் வரை சிவப்பு பல்பு எரிந்தாலும் பேப்பருக்கு ஒன்றும் ஆகாது. யாராவது கதவைத் திறந்தால் பிரித்து வைத்த பேப்பர் அத்தனையும் கருத்துவிடும். ஆக, சிவப்பு என்றால் எதையும் செய்யாத வெளிச்சம் என்பதுதான் என் முதல் பாடம்.

இப்போது எல்இடி போர்டு பழுது பார்க்கிறேன். தோல் நன்றாகும் என்று முகத்துக்குச் சிவப்பு விளக்கு கட்டித் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். விலைக்கு வாங்கினால் அதிகம், நீங்களே செய்து கொடுங்கள் என்பார்கள். நவீன மருத்துவத்துக்குள் சிவப்பு நுழைந்ததே அது ஒன்றும் செய்யாது என்ற தகுதியில்தான் என்று சொன்னால் நம்புவதில்லை. இந்த வரலாறு முழுக்க நிறத்துக்குத்தான் புகழ் போயிருக்கிறது. வேலையை நடத்தியவர்கள் அளந்து பார்த்தவர்கள்.

அளப்பதில் ஃபின்சென் பெரிய ஆள். 1860ல் ஃபாரோ தீவுகளில் பிறந்தவர்; இளவயதிலேயே ஈரலும் இதயமும் கெட்டு, வாழ்நாளில் பாதியை நோயாளியாகவே கழித்தவர். வெயில் பட்டால் உடம்புக்கு நன்றாக இருக்கிறதே, ஏன் என்று அவர் யோசிக்கத் தொடங்கியது அந்தச் சோர்விலிருந்துதான். அவர் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். வெள்ளி உப்பு பூசிய ஃபோட்டோ பேப்பர்த் துண்டை மனைவியின் காது மடலுக்குப் பின்னால் வைத்து, முன்பக்கத்திலிருந்து நீல ஊதா ஒளியைப் பாய்ச்சினார். ஐந்து நிமிடம் ஆகியும் பேப்பர் கருக்கவில்லை. பிறகு இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மடலை அழுத்தி, ரத்தம் வடிந்து வெளுக்கும்படி செய்துவிட்டு ஒளியைக் காட்டினார். இருபது நொடியில் கருத்துவிட்டது. நடுவில் நின்று ஒளியைத் தின்றது ரத்தம். உள்ளங்கைக்கு அடியில் டார்ச் அடித்தால் விரலிடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். நீலத்தை ரத்தம் விழுங்கிவிடும், சிவப்பு மட்டும் தப்பி வெளியே வரும். இன்று சிவப்பு விளக்கு செய்கிறவர்கள் ‘ஆழமாக இறங்கும் ஒளி’ என்று விளம்பரம் செய்வதன் வேர் இந்தக் காது மடலில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்பை ஃபின்சென் சிவப்புக்காகப் பயன்படுத்தவில்லை. நேர் எதிர்ப் பக்கம் போனார். முகத்தை அரித்துத் தின்னும் தோல் காசநோய்க்கு நீல ஊதா ஒளியைக் குவித்துப் பாய்ச்சினார். 1895ல் முதல் நோயாளி மோகென்சென் என்ற பொறியாளர்; சிகிச்சை நடந்தது கோபன்ஹேகன் மின் நிலையத்திலேயே, ஏனென்றால் அவ்வளவு பெரிய கார்பன் ஆர்க் விளக்கு அங்கேதான் எரிந்தது. நம் டூரிங் டாக்கீஸ் புரொஜெக்டரில் ஆபரேட்டர் மாற்றிக்கொண்டே இருப்பாரே இரண்டு கார்பன் குச்சிகள், அதே வகை விளக்கு. அடுத்த ஆண்டே ஃபின்சென் ஒளி மருத்துவ நிலையம் தொடங்கிவிட்டது. ஒரு விளக்கிலிருந்து நான்கு குழாய்கள், நான்கு கட்டில்கள். ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் ஒரு செவிலி உட்கார்ந்து, தண்ணீர் ஓடிக் குளிரும் படிகக்கல் வில்லையைப் புண்ணின் மேல் அழுத்திப் பிடித்திருப்பார். காது மடலில் கண்ட உண்மைதான் அந்த அழுத்தம். 1901க்குள் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை நடந்தது, பெரும்பாலோர் குணமடைந்தார்கள். 1903ல் நோபல் பரிசு. 1904ல் 43 வயதில் மரணம்.

அம்மைக்கான சிவப்பு அறை நிலைக்கவில்லை. மற்ற மருத்துவர்கள் செய்து பார்த்தபோது சொன்ன பலன் கிடைக்காமல் கைவிட்டார்கள். தோல் காசநோய்க்கும் மருந்து வந்த பிறகு ஆர்க் விளக்குகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. நடுவில் அரை நூற்றாண்டு, இடுப்பு வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் சிவப்பு பல்பைத் தவிர இந்தக் கதையில் பெரிதாக எதுவும் இல்லை.

பிறகு இரண்டு கருவிகள் அடுத்தடுத்து வந்தன. 1960ல் கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன் மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசரை எரிய வைத்தார். அதன் ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர், கருஞ்சிவப்பு. 1962ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்தார். இந்த லேசரைக் கையில் எடுத்த ஒருவரால்தான் சிவப்பின் தலையெழுத்தே மாறியது. புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற அறுவை மருத்துவர், பாஸ்டனில் லேசரால் கட்டியைக் கரைத்தார்கள் என்று கேள்விப்பட்டுத் தானும் எலிகளில் முயன்றார். அவருடைய லேசருக்கு அவ்வளவு சக்தி இல்லை. கட்டி கரையவில்லை. ஆனால் மழித்திருந்த தோலில், ஒளி பட்ட இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்தது. 1967ல் அவர் கண்ட இந்த விஷயம்தான், ஒன்றும் செய்யாத வெளிச்சம் என்று இருந்த சிவப்புக்கு ஒரு செயல் உண்டு என்பதற்கு முதல் தடயம். குறைந்த சக்தி என்பதே இங்கே விஷயமாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். பலமான கருவியாக இருந்திருந்தால் முடி வளர்வதைப் பார்த்திருக்கவே மாட்டார், தோல் கருகியிருக்கும். உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி இந்த ஒளியை வாங்கிக்கொள்கிறது என்று ரஷ்யாவில் டீனா காரு பின்னாளில் விளக்கம் சொன்னார். அதைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது.

லேசர் வீட்டுக்கு வரவில்லை. எல்இடி வந்தது, அதுவும் செடி வழியாக வந்தது. விண்வெளியில் செடி வளர்க்க நாசா உதவியோடு விஸ்கான்சினில் சிவப்பு எல்இடி விளக்குகளைச் செய்தார்கள். 1995ல் கொலம்பியா விண்ணோடத்தில் உருளைக்கிழங்குகூட விளைந்தது. அதே விளக்குகளை மில்வாக்கியில் ஹாரி வீலன் என்ற மருத்துவர் காயங்களின் மேல் காட்டிப் பார்த்து, 2001ல் முடிவுகளை வெளியிட்டார். பச்சையம் விரும்பி உண்ணும் சிவப்பு 660 நானோமீட்டருக்கு அருகில் இருப்பதால், உலகெங்கும் பசுமைக் குடில்களுக்காக அந்த எல்இடியைக் கோடிக்கணக்கில் தயாரித்தார்கள். விலை விழுந்தது. சென்னை ரிச்சி தெருவில் இன்று அந்த எல்இடி மணியைச் சில்லறையாக வாங்க முடிகிறது என்றால் செடிகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பேனல் கட்டுவது கஷ்டமான வேலையல்ல. அலுமினிய ஹீட் சிங்க், அதன் மேல் பேஸ்ட் தடவி ஒட்டிய 660 நானோமீட்டர் மணிகள், ஐந்தைந்தாகத் தொடரில் ஈயம் வைத்து இணைத்தால் 11 வோல்ட் அளவில் நிற்கும். கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர், பின்னால் ஒரு ஃபேன், நல்ல எர்த். 3 வாட்ஸ் என்று விற்கும் சிவப்பு மணி, 700 மில்லியாம்பியர் கொடுத்தாலும் உண்மையில் ஒன்றரை வாட்ஸ்தான் இழுக்கும். அதை 3 வாட்ஸுக்கு விரட்டினால் சூடேறி மங்கிவிடும். வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று.

“அண்ணே, மொத்தம் எத்தனை வாட்ஸ் வரும்?”

“வாட்ஸை விடுங்க தம்பி. எத்தனை இஞ்ச் தள்ளி உக்காருவீங்க, எத்தனை நிமிஷம்?”

பதில் வராது. முகத்துக்கு வந்து சேரும் அளவுதான் கணக்கு. 2014ல் ஜெர்மனியில் 136 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரு தடவைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 9 ஜூல் சிவப்பு ஒளியில் தோலின் சொரசொரப்பும் மெல்லிய கோடுகளும் குறைந்தன. சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் வந்தால் அந்த 9 ஜூல் மூன்றே நிமிடத்தில் சேர்ந்துவிடும். அரை மணி நேரம் டிவி பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் 90 ஜூல்.

இன்னொன்று நம்மவர்களுக்காகவே சொல்ல வேண்டும். 2020ல் அமெரிக்காவில் வெளிவந்த சோதனைகளில், வெள்ளைத் தோல் 480 ஜூல் வரை தாங்கிய இடத்தில், நிறமுள்ள தோலுக்குப் பாதுகாப்பான எல்லை 320 ஜூல் என்று வந்தது. வெள்ளைக்காரர் முகத்துக்கு எழுதிய நேரத்தை நம் முகத்துக்கு அப்படியே எடுக்க முடியாது. மங்கு உள்ளவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் இதன் முன் உட்காரவே வேண்டாம். பேனலின் சூடும் அவர்களுக்கு ஆகாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தோலைக் கருக்க வைப்பதில் பெரும்பங்கு நீல ஊதாவுக்குத்தான், சிவப்புக்கு அல்ல என்று 2014ல் வேறொரு ஆய்வு காட்டியது. டார்க் ரூம் பேப்பர் சொன்ன அதே செய்தி. சிவப்பு அறை விஷயத்தில் தோற்ற ஃபின்சென், எந்தப் பக்கத்து ஒளி தோலைச் சீண்டும் என்பதைச் சரியாகவே பிடித்திருந்தார்.

மலிவான சோலார் மீட்டரை வைத்து அளந்துவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். அது முழு வெயிலுக்குச் சரிபார்த்த மீட்டர். தனிச் சிவப்பை வைத்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். நான் ஒரு சிறு ஃபோட்டோ டயோடை மல்டிமீட்டரில் இணைத்து, டேட்டாஷீட்டில் 660க்கு என்ன போட்டிருக்கிறதோ அதை வைத்துக் கணக்கிடுகிறேன். 850 நானோமீட்டர் மணியும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதைத் தனி சுவிட்சில்தான் போடுவேன். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, இமை தானாக மூடாது, எவ்வளவு வருகிறது என்பதும் உட்கார்ந்தவருக்குத் தெரியாது. பேனலைக் கொடுக்கும்போது அதன் பின்பக்க அலுமினியத்தில் மார்க்கரால் மூன்றை எழுதிவிடுவேன்: எத்தனை இஞ்ச், அங்கே எத்தனை மில்லிவாட், எத்தனை நிமிடம். வாட்ஸ் எழுதுவதில்லை.