குதிரைமாளிகை அருங்காட்சியகம்

குதிரைமாளிகை, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலுக்குத் தென்கிழக்கே அமைந்த அரண்மனை. புத்தன்மாளிகை என்றும் வழங்கும் இதன் ஒரு பகுதி இன்று அருங்காட்சியகம். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் 1840களில் இதைக் கட்டுவித்தார். அவர் மறைவுக்குப் பின் மாளிகை நெடுங்காலம் பூட்டியே கிடந்தது.

தென்புற இறவாரத்தின் கீழ் வரிசையாக நிற்கும் 122 மரக்குதிரைகளால் மாளிகை இப்பெயர் பெற்றது. ஓட்டுக்கூரை, மரத்தூண், செதுக்கிய விதானம் எனக் கட்டடம் முழுக்கத் தச்சர் கைவண்ணம். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு இந்த மரபு புதிதல்ல. ஆனால் அங்கே காணும் அடக்கம் இங்கே இல்லை, உளி தன்னைக் காட்டிக்கொள்ளவே விரும்பியிருக்கிறது. உள்ளே ஆளுயரக் கதகளி உருவங்களும் படிக அரியணையும் தந்த அரியணையும் உள்ளன.

தந்தச் செதுக்கு திருவிதாங்கூருக்குப் புகழ் தேடித்தந்த தொழில். சுவாதித் திருநாளுக்குப் பின் அரசரான உத்திரம் திருநாள் அனுப்பிய இன்னொரு தந்த அரியணை 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1876இல் விக்டோரியா பேரரசி அதில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். இத்தகைய வேலையைத் தந்தையிடமோ மூத்தாசாரியிடமோ பல ஆண்டுகள் உடனிருந்துதான் கற்க முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்தில் அரசு கலைப்பள்ளி தொடங்கி, தந்தச் செதுக்கு முதலிய கைத்தொழில்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இலேயே அப்படியொரு பள்ளியை நிறுவியிருந்தார். திருவனந்தபுரப் பள்ளி 1975இல் நுண்கலைக் கல்லூரியாக உயர்ந்தது. ஓவியமும் சிற்பமும் அங்கே முன்னுக்கு வர, கைத்தொழில் பின்னுக்குப் போனது. மாளிகையில் முடிந்த பொருளைப் பார்க்கலாம். அதைச் செய்யக் கற்ற வழி எந்தக் கூடத்திலும் காட்டப்படவில்லை. காட்சிக்கு வைத்தவர்கள் அரசரை நினைத்த அளவு ஆசாரியை நினைக்கவில்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இலும் 1991இலும் செய்த திருத்தங்கள் தந்த வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன. செதுக்குநர் பலர் சந்தன மரத்துக்கும் ஈட்டி மரத்துக்கும் மாறினர். இன்று அவ்வகைப் பொருள்களை வாங்க விரும்புவோர், திருவிதாங்கூர் அரசர் ஸ்ரீமூலம் திருநாளின் அறுபது வயது நிறைவு நினைவாகப் பெயரிடப்பட்ட புத்தன்சந்தை எஸ்.எம்.எஸ்.எம். நிலையத்துக்குப் போகிறார்கள்.

மாளிகையின் உள்ளே புகைப்படம் எடுக்க அனுமதியில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் முற்றத்தில் சுவாதி இசைவிழா நடைபெறுகிறது. அதைக் கேட்கக் கட்டணம் இல்லை.