கட்டைகளில் ஏறிய நாட்டுப்புற மெட்டு

ஐரோப்பிய நாட்டுப்புற மெட்டுகள் தமிழ் மாணவர்களின் தொடக்கப் பாடத்துக்குள் நுழைய வழி செய்தது சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், திருவாரூரைச் சேர்ந்த ராமசாமி தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. மணலி முதலியார்கள் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷிகளாக, அதாவது இருமொழி இடைத்தரகர்களாக, இருந்தவர்கள்; கோட்டைக்குள் போய்வரும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அவர்களுடன் சென்ற தீட்சிதரின் மக்கள் அங்கே பேண்டு இசையைக் கேட்டனர். இளைய மகன் பாலுசாமி வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவரிடம் வயலின் கற்றார். மூத்த மகன் முத்துசாமி தீட்சிதர், கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். ஏறக்குறைய 40 உருப்படிகள் கொண்ட அந்தத் தொகுதிதான் நோட்டுஸ்வர சாகித்தியங்கள்.

அவற்றின் மூல மெட்டுகள் பலவற்றை இன்று அடையாளம் காண முடிகிறது. ‘ஸந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்தின் அரச வாழ்த்துப் பாட்டின் மெட்டில் அமைந்தது. ‘வந்தே மீனாக்ஷி’ ‘லிமரிக்’ என்ற அயர்லாந்து மெட்டில் உள்ளது. ‘பீதவர்ணம் பஜே’ பாரசீகக் கவி ஹாபிஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘தாஜா பதாஜா’ என்ற பாட்டின் மெட்டு; அதுவும் வெள்ளைக்காரர் வழியாகச் சென்னை வந்திருக்கலாம். ஆட்டத்துக்கும் அணிவகுப்புக்கும் பயன்பட்ட மெட்டுகள் மீனாட்சியையும் முருகனையும் பாடும் பாட்டுகளாயின. இதைத் தீட்சிதரின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல. நவக்கிரக கிருதிகளை எழுதிய அதே கை, குழந்தைகளும் பாடக்கூடிய நேரான மெட்டுகளையும் மதித்து எடுத்துக்கொண்டது.

இந்த உருப்படிகள் எல்லாம் சங்கராபரண சுரங்களில் அமைந்தவை; கமகம், அதாவது சுரத்தை அசைத்துக் குழைக்கும் முறை, வேண்டாதவை. இந்த இரண்டு இயல்புகளே பியானோ, ஆர்மோனியம் போன்ற கட்டை வாத்தியங்களுக்கு இவற்றைப் பொருத்தமாக்கின. முதல் வெள்ளைக் கட்டையை, அதாவது ‘ஸி’யை, சட்ஜமாகக் கொண்டால் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் வெள்ளைக் கட்டைகளிலேயே கிடைத்துவிடும். கர்நாடக இசையின் சரளி வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளை அப்படியல்ல. அதன் ரிஷபமும் தைவதமும் கறுப்புக் கட்டைகளில் விழுகின்றன. பழகாத விரலுக்கு அந்த ஏற்ற இறக்கம் தொல்லை தரும். கட்டை வாத்திய மாணவருக்கு சங்கராபரணம் எளிய முதல் படியாக அமைவதற்கு இதுவே காரணம்.

நோட்டுஸ்வரங்கள் அச்சுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. சென்னையைச் சேர்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-ல் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய ஐந்து கோட்டு முறையில் எழுதி வெளியிடத் தொடங்கினார். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904-ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டதற்கும் சின்னசாமி முதலியாரின் தூண்டுதல் ஒரு காரணம். அதற்கு அடுத்த ஆண்டு சுப்பராம தீட்சிதர் முதற்பயிற்சிக்கென்றே எழுதிய ‘பிரதமாப்யாச புஸ்தகமு’வில் நோட்டுஸ்வரங்கள் இடம்பெற்றன. கோட்டையில் ஒலித்த மெட்டுகள் நூறாண்டுக்குப் பிறகு பாடநூலில் ஏறியது இப்படித்தான்.

பியானோ நீண்ட காலம் ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர், சில செல்வந்தர் வீடுகளோடு நின்றது. 1842-ல் சென்னையில் தொடங்கிய மிஸ்குவித் கடை பியானோவும் ஆர்கனும் விற்றது; பின்னாளில் அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் என்று பெயர் பெற்றதும் அந்தக் கடையே. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளுக்குப் படித்த தலைமுறைகள் அங்கே பாடப்புத்தகம் வாங்கின. அந்தப் புத்தகங்களின் தொடக்கப் பக்கங்களில் ஆங்கில, ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டுகள் இருந்தன. தெம்மாங்கும் கும்மியும் இல்லை.

தமிழ்நாட்டின் மெட்டு கட்டையில் ஏறியது ஆர்மோனியத்தால். 1842-ல் பாரிசில் அலெக்சாந்தர் தெபெய்ன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் காலால் மிதித்துக் காற்றூட்டும் வாத்தியம். மிஷனரிகளோடு அது இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் பெட்டியாக மாற்றினார். இடது கை துருத்தியை இயக்க, வலது கை மட்டும் கட்டைகளில் ஓடும். தலையில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோகலாம். மழையிலும் வெயிலிலும் சுருதி அவ்வளவு எளிதில் கலையாது. நாடகக் குழுக்களுக்கு இதைவிட ஏற்ற வாத்தியம் வேறில்லை.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்திலிருந்து ஆர்மோனியக்காரர் இல்லாத நாடக மேடை இல்லை என்றானது. ஆர்மோனியக்காரரே சுருதி கொடுப்பார், நடிகரின் பாட்டைத் தொடர்ந்து வாசிப்பார், பின்பாட்டும் பாடுவார். குரலின் சுருதியை ‘நாலு கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்று அளப்பதும் இந்தப் பெட்டியை வைத்துத்தான்: வெள்ளைக் கட்டைக்கு முழு எண், இடையிலுள்ள கறுப்புக் கட்டைக்கு அரை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களின் ஸ்பெஷல் நாடகங்களில் இன்றும் ஆர்மோனியக்காரரின் இடம் அப்படியே இருக்கிறது.

இந்த ஆர்மோனியக்காரர்களில் பலர் கோட்டு முறையையோ சுரக்குறிப்பையோ படித்துப் பயின்றவர்கள் அல்லர். கேட்டதை விரலால் தேடிக் கண்டுபிடித்தார்கள். நாட்டுப்புற மெட்டு அதற்கு வெகுவாக இடம் கொடுத்தது. பல கும்மி மெட்டுகள் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலேயே பெரும்பாலும் சுழலும்; கட்டை விரலை சட்ஜத்திலும் சுண்டு விரலைப் பஞ்சமத்திலும் வைத்தால் கையை நகர்த்தாமலே ஐந்து விரலுக்கும் ஐந்து சுரம் அமைந்துவிடும். ஒரே அடி திரும்பத் திரும்ப வருவதால் மனப்பாடம் எளிது. கைத்தட்டே தாளம். காவடிச்சிந்தோடு நெருங்கிய செஞ்சுருட்டி ராகத்துக்கு ஒரே ஒரு கறுப்புக் கட்டை போதும், அதுவும் கைசிகி நிஷாதத்துக்கு. அந்த ராகம் மேல் சட்ஜம் வரை ஏறாமலே நிறைவடைவதால் கை தாவ வேண்டிய இடங்களும் குறைவு.

இன்னொரு வழியும் உண்டு. சட்ஜத்தை இடம் மாற்றினால் வெள்ளைக் கட்டைகளே வேறு ராகங்களைத் தரும். ஐந்தாம் கட்டையில் தொடங்கினால் அரிகாம்போதி. மூன்றாம் கட்டையில் தொடங்கினால் தோடியின் சுரங்கள், அதாவது மகுடி மெட்டுக்குரிய புன்னாகவராளியின் சுரங்கள். வேறொரு சுரத்தைக் குரலாக, அதாவது சட்ஜமாக, வைத்து ஒரு பாலையிலிருந்து, அதாவது ஒரு தாய் ராகத்திலிருந்து, மற்றொரு பாலையைப் பிறப்பிக்கும் பழந்தமிழ் முறையும் இதுவே. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில் சிலப்பதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு இந்த முறையை விரிவாக ஆராய்ந்தார். பெரிய ஆய்வாளர் எழுத்தில் நிறுவியதை ஒரு கிராமத்து ஆர்மோனியக்காரர் விரலால் அறிந்திருந்தார் என்பது மதிக்கத்தக்கது.

எல்லா மெட்டும் இப்படிப் பணிந்துவிடவில்லை. நடவுப்பாட்டும் கும்மியும் கட்டையில் நன்றாக நிற்கும். தாலாட்டும் ஒப்பாரியும் நிற்பதில்லை. நீலாம்பரித் தாலாட்டில் ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குள் குழைந்து இறங்குகிறது. ஒப்பாரியில் குரல் சுரங்களுக்கு இடையிலுள்ள வெளியில் விம்முகிறது. கட்டை அந்த வெளியைத் தாண்டிக் குதித்துவிடும்.

இதே குறையைச் சுட்டித்தான் அகில இந்திய வானொலி 1940 மார்ச்சு முதல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. வானொலியில் பணியாற்றிய ஆங்கில இசையறிஞர் ஜான் ஃபோல்ட்ஸ் அதற்குமுன் இந்த வாத்தியத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதியிருந்தார். சமப் பகுப்பு முறையில் அமைந்த கட்டைகளில் இந்திய சுரங்களின் நுட்பம் கிடைக்காது, கமகமும் வராது என்பதே வாதம். ராக ஆலாபனையைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் தடை எல்லாவற்றுக்கும் சேர்த்து விழுந்தது. நேரான சுரங்களில் ஓடும் மேடைப்பாட்டுக்கும் ஊர்ப்பாட்டுக்கும் அந்த வாத்தியத்தால் தீங்கு எதுவும் நேர்ந்திருக்கவில்லை. 1971-ல்தான் தடை தளர்ந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வானொலி மறுத்த வாத்தியத்தை நாடகக் கொட்டகையும் பஜனை மடமும் தேவாலயமும் காப்பாற்றின.

தேவாலயங்களின் பங்கு தனியாகச் சொல்லத்தக்கது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி, நொண்டி நாடகம் போன்ற மக்கள் வடிவங்களிலேயே கிறித்தவப் பாட்டுகளை இயற்றியிருந்தார். பின்னாளில் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ‘பறட்டை’ என்ற பெயரில், நாட்டுப்புற இசையையே வழிபாட்டின் இசையாக்கினார். எழுத்தறியாதவரும் எளிதில் கற்று, தம் விருப்பப்படி மாற்றிப் பாடக்கூடியது நாட்டுப்புற மெட்டு என்பதால்தான் அதை அவர் தேர்ந்தெடுத்தார்.

ஆர்மோனியத்திலிருந்து பியானோவுக்குப் போன பாதையில் தெளிவாகத் தெரியும் உருவம் இளையராஜா. தேனிப் பகுதிப் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்தவர், அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் மேடைதோறும் ஆர்மோனியம் வாசித்தார். 1960களின் இறுதியில் சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். துருத்தியைப் பிடித்துப் பழகிய இடது கைக்கு பியானோவில் புது வேலை வருகிறது; மெட்டின் கீழே சுரக்கூட்டுகளை அமைக்க வேண்டும். நாட்டுப்புறப் பாட்டில் அப்படி ஒன்று கிடையாது. எனவே தொடக்க நிலையில் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் இடது கையில் நிறுத்தி வைப்பதே அந்த மெட்டின் இயல்புக்கு ஒத்தது. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 1976-ல் வந்த ‘அன்னக்கிளி’யும் அதைத் தொடர்ந்த படங்களும் காட்டின.

1980களில் காசியோவும் பிறகு யமாஹாவும் வீடுகளுக்குள் வந்தபின் ஆர்மோனியத்தின் இடத்தைக் கீபோர்டு பிடித்தது. இந்தியத் தாளங்களும் வாத்திய ஒலிகளும் பதிந்த மாதிரிகளை யமாஹா விற்கத் தொடங்கியது. 2019-ல் சென்னையை அடுத்து அதன் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கியது. பாடநூல்களின் நிலை அந்த வேகத்தில் மாறவில்லை. பெர்சி மாக்வீன் திரட்டியவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ (1958), நா. வானமாமலையின் தொகுப்புகள் ஆகியவற்றின் பெருமை பாட்டின் சொற்களைக் காத்ததில் இருக்கிறது. மெட்டைத் தேடும் மாணவர் இன்றும் பெரும்பாலும் பாடுபவரின் குரலையோ ஒலிப்பதிவையோ கேட்டுத்தான் விரல் வைக்க வேண்டும். கட்டைகளுக்கு இடையிலுள்ள வெளியை எட்டுவதற்கு மட்டும் கருவி ஒன்று கிடைத்துவிட்டது. கீபோர்டின் இடப்பக்கத்தில் உள்ள சிறு சக்கரத்தைத் தள்ளினால் சுரம் மேலும் கீழும் வளையும். கீபோர்டு சத்யநாராயணன் அதைக் கொண்டு கச்சேரி மேடையில் கமகங்களை வாசிக்கிறார். கும்மியையும் நடவுப்பாட்டையும் வலது கையால் பழகித் தேறிய மாணவர், நீலாம்பரித் தாலாட்டை எடுக்கும்போது இடது கையை அந்தச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறார்.