கூடாரத்து இரும்புப் பானை

கைத்தொழிற் புரட்சி என்றதும் நீராவி இயந்திரத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். பல்கலைக்கழகத்தில் எமக்குக் கிடைத்த விரிவுரைக் குறிப்புகளும் அங்கிருந்தே தொடங்கின. ஆனால் அவ்வரலாற்றின் முதல் அத்தியாயங்களில் ஒன்று ஒரு சமையற் பானையோடு தொடர்புடையது. மேலைநாட்டார் காட்டிலும் மலையிலும் கூடாரமடித்துத் தங்கும்போது தணலில் வைத்துச் சமைக்கும் கனத்த வார்ப்பிரும்புப் பானையையே குறிப்பிடுகிறேன். அதனை அவர்கள் 'டச்சு அவன்' என்பர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நல்ல சமையற் பாத்திரம் என்றால் அது பித்தளைப் பாத்திரமே. ஏழைகளுக்கு அது எட்டாத விலை. பிரிஸ்டல் நகரில் பித்தளைத் தொழில் நடத்திய ஆபிரகாம் டார்பி என்னும் குவேக்கர் சமயத்தவர், மலிவான இரும்பிலே பானை வார்க்க முயன்றார். களிமண் அச்சுகளை விடுத்து மணல் அச்சில் வார்க்கும் முறைக்கு 1707இல் ஆக்கவுரிமை பெற்றார். அம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றவர் ஜோன் தோமஸ் என்னும் வேல்ஸ் நாட்டு இளைஞர். டச்சுக்காரரின் வார்ப்பு முறையைத் தழுவியதால் பானைக்கு அப்பெயர் வந்தது என்பது பலர் கூறும் விளக்கம்.

பானைக்கு இரும்பு வேண்டும், இரும்பை உருக்க மரக்கரி வேண்டும், மரக்கரியோ விலைமிக்கது. 1709இல் டார்பி கோல்புறூக்டேல் என்னுமிடத்தில் நிலக்கரியைச் சுட்டெடுத்த கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். அவ்விரும்பு அடித்து நீட்டும் கொல்லர் வேலைக்கு அவ்வளவாக உதவவில்லை. ஆனால் மெல்லிய சுவருடைய பானைகளை வார்க்க மிக ஏற்றதாயிருந்தது. எனவே பல தசாப்தங்கள் அந்த உலையைத் தாங்கி நின்றவை பானைகளும் சட்டிகளுமே. பின்னர் அதே உலைக்களத்தில் நீராவி இயந்திர உருளைகள் வார்க்கப்பட்டன. 1779இல் செவேர்ன் ஆற்றின் குறுக்கே உலகப் புகழ்பெற்ற இரும்புப் பாலமும் எழுந்தது.

அமெரிக்கக் குடியேற்றங்களில் இப்பானை வெட்டவெளிச் சமையலுக்கேற்ற வடிவம் பெற்றது. தணலின் மேல் நிற்க மூன்று கால்கள். மூடியின் மேல் தணலைக் குவிக்க அதன் விளிம்பைச் சுற்றி ஒரு வரம்பு. மேலும் கீழும் சூடு கிடைப்பதால் காட்டின் நடுவே ரொட்டியும் சுடலாம். அதன் மதிப்பை அறிய ஒரு சான்று போதும்: ஜோர்ஜ் வோஷிங்டனின் தாயார் மேரி, 1788இல் எழுதிய மரண சாசனத்தில், தமது இரும்புச் சமையற் பாத்திரங்களில் பாதியைப் பேரன் ஒருவருக்கு உரித்தாக்கினார்.

1866இல் ரெக்சாஸ் மாநிலத்துச் சாள்ஸ் குட்நைற், மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் செல்வோருக்காகப் பழைய இராணுவ வண்டியொன்றைச் சமையல் வண்டியாக மாற்றினார். அதில் இப்பானைகளும் ஏறின. அவரையும் ரொட்டியும் அவற்றிலே வெந்தன. சமையற்காரருக்குச் சாதாரண மேய்ப்பரைவிட அதிக சம்பளம். பானையைக் காப்பதும் அவர் பொறுப்பே.

அக்காப்பு எளிதன்று. சூடான பானையில் குளிர்நீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். ஈரத்தோடு விட்டால் விடியுமுன் துரு ஏறும். ஆகவே வெந்நீரால் கழுவி, ஒட்டியதைச் சுரண்டி, நெருப்பில் உலர்த்தி, மெல்லிதாகக் கொழுப்புப் பூசவேண்டும். அக்கொழுப்பு சூட்டில் இறுகி இரும்போடு பற்றிக்கொண்டு கரிய படலமாகிறது. உணவு ஒட்டாமலும் துரு பிடிக்காமலும் காப்பது அப்படலமே. காரம் மிகுந்த அக்காலச் சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும் என்பதாலேயே சவர்க்காரம் கூடாதென்ற விதி பிறந்தது. இன்றைய மென்மையான திரவங்களைச் சிறிதளவு பயன்படுத்துவதால் தீங்கில்லை. புளியோ தக்காளியோ நெடுநேரம் கொதித்தால் மட்டும் படலம் அரிபடும்.

இதை வாசிக்கும் நம்மவருக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. வீட்டுத் தோசைக்கல்லையும் இரும்புத் தாச்சியையும் எண்ணெய் தடவி எடுத்துவைத்த நம் பாட்டிமாருக்கு இந்த இரசாயனம் முழுவதும் கைவழக்கமாகத் தெரிந்திருந்தது.

யூட்டா மாநிலம் 1997இல் இப்பானையைத் தனது மாநிலச் சமையற் பானையாக அறிவித்தது. ரெக்சாஸ் 2005இல் அவ்வாறே சிறப்பித்தது. டார்பிக்கும் குட்நைற்றுக்கும் வரலாற்றில் இடமுண்டு. ஆனால் ஒவ்வோர் இரவும் தணலருகே குந்தியிருந்து பானையைத் துடைத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் ஒரு வாரம் அசட்டையாயிருந்திருந்தால் அப்பானைகள் துருவாகியிருக்கும். வார்த்தவர்களை எழுதும் வரலாறு, காத்தவர்களையும் எழுதவேண்டும் என்பதே என் எண்ணம்.