தேசிக்காயும் உப்பும் கட்டிய தடி

பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருந்தால் இப்போது விட்டுவிட்டு, இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் ஒரு நாள் புவியியல் ஆசிரியை லீவு. தரம் 11 வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். நான் படிப்பிப்பது வரலாறு. பாடம் பாலைவனம் என்று பிள்ளைகள் சொன்னதால், ஸ்மார்ட் போர்டில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். நமீபியாவில் இரண்டு இளைஞர்கள். பழைய டொயோட்டா ஹைலக்ஸ், கூரைக்கு மேல் மடித்து விரிக்கும் கூடாரம், பின்னால் தண்ணீர்க் கேன், அடுப்பு. ஹோட்டல் இல்லை, வழிகாட்டி இல்லை. நமீப் மணல்மேடுகளைத் தாண்டி எட்டோஷாவுக்குப் போகிறார்கள். அங்கே வரண்ட மாதங்களில் காடெல்லாம் காய்ந்துவிடும், மிருகங்கள் மிஞ்சிய தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும். ஆகவே ஓடித் திரியாமல் ஒரு நீர்க்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். யானை, ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் எல்லாம் தானாக வருகின்றன. காசு குறைந்தவனின் சஃபாரி அதுதான்.

வீடியோ முடிந்ததும் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், எங்கட ஆக்கள் ஒருத்தரும் இப்பிடிப் போனதில்லையா?"

பின்னால் இருந்த ஒரு பையன் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டான். "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு. நாங்க கடைதானே."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைக்காரர்கள்தான். மறுக்கவில்லை. அந்தக் கடைக்குச் சாமான் எப்படி வந்தது என்பதைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதற்கு ஐம்பது வருடத்துக்கு முன் வண்டி ஓடக்கூடிய பாதைகூட இல்லை. கண்டி அரசர்கள் பாதை வெட்டாமல் விட்டது சோம்பலால் அல்ல, பறங்கியும் ஒல்லாந்தனும் ஏறி வரக்கூடாது என்பதற்காக. அந்தக் காட்டுக்குள்ளால் உப்பும் கருவாடும் புடவையும் மேலே ஏறின, பாக்கும் மிளகும் கீழே இறங்கின. ஏற்றி இறக்கியது தவளம். முதுகின் இரண்டு பக்கமும் பொதி தொங்கும் மாடுகள் வரிசையாக நடக்கும் கூட்டம் அது. அரசனுக்காகப் பொதிமாடு நடத்தும் பகுதிக்கு மடிகே பத்த என்று பெயர், அதில் முஸ்லிம்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கலகெதரைப் பக்கத்திலும் குருநாகல் மாவட்டத்திலும் மடிகே என்ற பெயரோடு ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அந்த ஊர்ப் பெயரைத் தபால் விலாசத்தில் தினம் எழுதும் எத்தனை பேருக்கு அது ஒரு பயணத்தின் பெயர் என்று தெரியும்?

இரவில் எங்கே தங்கினார்கள்? அம்பலத்தில். கொழும்புக்குப் போகும்போது கடுகண்ணாவையில் பழைய அம்பலம் ஒன்றை பஸ் ஜன்னலால் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுவர் குறைந்த, கூரை மட்டும் உள்ள மண்டபம், காசில்லாத் தங்குமிடம்.

தவளக்காரர்கள் டயரி எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை. அதனால் அந்த வழிகள் எப்படி இருந்தன என்று அறிய, எழுதி வைத்த இரண்டு பேரிடம் போக வேண்டும். ஒருவர் எம்மவர், மற்றவர் வெள்ளைக்காரர்.

முதலாமவர் இப்னு பதூதா. ஹிஜ்ரி 745, அதாவது 1344இல் புத்தளத்தில் இறங்கினார். அவர் பயணத்தைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் ஆட்களும் கொடுத்து ஆதம் மலைக்கு அனுப்பினார். போகும் வழியில் 'குனகார்' என்ற தலைநகரத்தைப் பற்றி எழுதுகிறார். அது குருநாகல் என்று ஒரு சாராரும், எங்கள் கம்பளை என்று ஒரு சாராரும் இன்னும் வாதாடுகிறார்கள். நான் கம்பளைக்காரர்களோடு சண்டைக்குப் போவதில்லை.

அவர் கேட்டு எழுதிய யானைக் கதை ஒன்று உண்டு. ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் முப்பது பேரளவில் பக்கீர்களோடு ஆதம் மலைக்குப் போகும்போது காட்டில் வழி தவறிவிடுகிறார்கள். பசி. ஒரு யானைக்குட்டியைப் பிடித்துத் தின்னலாமா என்று கேட்கிறார்கள். ஷெய்கு வேண்டாம் என்கிறார். கேட்காமல் அறுத்துத் தின்கிறார்கள். இரவில் யானைக்கூட்டம் வந்து, ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றது. ஷெய்கையும் மோந்தது, தின்னாதவர் என்று விட்டது. ஒரு யானை அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்து ஊர் எல்லையில் கொண்டுபோய் இறக்கியது. அதன் பிறகுதான் இந்நாட்டு மக்கள் முஸ்லிம் பயணிகளை வீட்டுக்குள் எடுத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள் என்று இப்னு பதூதா எழுதுகிறார். கதை நடந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். காட்டில் கைவைக்கக்கூடாதது ஒன்று இருக்கிறது என்பதும், வழியில் ஒருவன் நடந்துகொள்ளும் விதம் அடுத்து வருபவனுக்குக் கதவைத் திறக்கும் அல்லது மூடும் என்பதும் அன்றே எல்லோருக்கும் விளங்கியிருந்தன.

அட்டையைப் பற்றியும் எழுதுகிறார். புல்லிலும் மரத்திலும் இருந்து பாய்ந்து ஒட்டும், தேசிக்காயை அதன்மேல் பிழிந்தால் விழுந்துவிடும் என்கிறார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாமவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் 'ஆன்' என்ற கப்பல் புயலில் முறிந்த பாய்மரத்தைச் சரிசெய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. தகப்பனும் மகனுமாகக் கரையிறங்கியவர்களை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக் கண்டி நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய மூதூர்ப் பக்கம் அது. தகப்பன் அடுத்த வருடமே குருநாகல் பக்கத்துப் பண்டார கொஸ்வத்தையில் காய்ச்சலில் மௌத்தானார். மகன் தன் கையாலேயே குழி வெட்ட வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடம் இங்கே கிடந்தவர், கடைசியில் உடுநுவரை ஏலதெத்தையில் காணி வாங்கிக் குடியிருந்தார்.

சிறையில் அடைக்கவில்லை. ஆனால் வெளியே போகும் வழியெல்லாம் முள்ளால் செய்த கடவைகள், காவல். அனுமதிச் சீட்டு என்பது களிமண்ணில் பதித்த உருவம். சிப்பாய்க்கு ஈட்டி தாங்கிய ஆள், கூலிக்குத் தடியின் இரண்டு நுனியிலும் பொதி தொங்கும் ஆள், வெள்ளையனுக்குத் தொப்பியும் வாளும் உள்ள ஆள். எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை உருவம். வாசிக்கத் தெரியாத காவல்காரனுக்கும் விளங்கும். இன்றைய விசாவைவிட இது தெளிவு!

தப்புவதற்கு நொக்ஸ் கண்டுபிடித்த வழி எங்கள் பையன் சொன்ன அதே வழிதான்: கடை. முதலில் தொப்பி பின்னி விற்றார். பிறகு ஸ்டீவன் ரட்லண்ட் என்ற கூட்டாளியோடு சேர்ந்து புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் ஆகியவற்றைப் பொதியாகக் கட்டி முதுகில் சுமந்து வடக்கே நடந்தார். எட்டு ஒன்பது வருடம் இப்படிப் போய்ப் போய் வந்தார்கள். வியாபாரி எங்கே போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. தவளக்காரனும் பொதிக்காரனும் அந்த நாட்டுக்குப் பழகிய முகங்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால்தான் நொக்ஸ் மறைந்துகொண்டார்.

வடக்கு வரண்ட காடு. அப்போது மூன்று நான்கு வருடமாக மழை பொய்த்து, குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் இருவரும் காய்ச்சலில் விழுந்து எழும்பினார்கள். மருந்தாக ஊரார் சொன்னது கஞ்சா இலையையும் கருப்பட்டியையும் சேர்த்து இடித்துக் காலை மாலை வெறும் வயிற்றில் தின்பது. தின்று சுகமானதாக எழுதியிருக்கிறார். (உயர்தரப் பையன்களுக்கு: இந்தப் பந்தியைப் பகிர வேண்டாம்.)

1679 செப்டம்பர் 22. கடைசிப் பயணம். மான் இறைச்சிக் கருவாடு வாங்க வந்தோம் என்று வழியில் அதிகாரி ஒருவரிடம் சொல்லித் தப்பினார்கள். அநுராதபுரத்தில் இருந்தவர்கள் தமிழ் பேசினார்கள், சிங்களம் விளங்கவில்லை. அங்கிருந்து மல்வத்து ஓயாவைப் பிடித்துக் கீழே இறங்குவது திட்டம். எங்கள் மன்னார்ச் சொந்தக்காரர்கள் அருவி ஆறு என்று சொல்வது அதைத்தான். அவர்கள் எடுத்துப்போன சாமான் விபரம் இது: பத்து நாளுக்கு அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, கருப்பட்டி, சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுக்கை, புகையிலை, வெற்றிலை, நெருப்புப் பெட்டி ஒன்றுக்கு இரண்டாக, முள் குத்தாமல் காலுக்குச் செருப்புச் செய்ய மான்தோல், கோடாரி, கத்தி. கூடாரத்துக்கு இரண்டு தாளிப்பனை ஓலை. ஓர் ஓலைக்குக் கீழே பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம், மடித்தால் ஒரு மனிதனின் கை அளவுதான் என்று வேறோர் இடத்தில் வியந்து எழுதுகிறார். ஹைலக்ஸ் கூரையில் இருந்த கூடாரத்தை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் 12 இரவு, நிலா வெளிச்சம். காட்டில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் வழியை மறித்துக்கொண்டு ஒரு யானை. விரட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. துப்பாக்கி இல்லை. விடியும்வரை அப்படியே காத்திருந்தார்கள். யானையையும் முதலையையும் முள்ளையும் தாண்டி, பழைய அநுராதபுரத்து வெட்டுக்கற்களும் தூண்களும் காட்டுக்குள் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒக்டோபர் 18 சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். 1681இல் லண்டனில் புத்தகம் வந்தது.

அந்தப் புத்தகத்தில் எங்களைப் பற்றி ஒரு சிறிய பகுதி இருக்கிறது. கண்டி நகரத்தில் முஸ்லிம்களுக்குப் பள்ளி ஒன்று இருந்ததாகவும், அதற்காக ஒவ்வொரு காணிக்காரனும் ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்று முந்திய அரசர்கள் உரிமை எழுதிக் கொடுத்திருந்ததாகவும் சொல்கிறார். சோனகர்கள் வீடு வீடாகப் போய் அதை வாங்குவார்கள். கதவு பூட்டியிருந்தால் திறந்து அந்தப் பெறுமதிக்குப் பொருள் எடுக்கவும் அதிகாரம் உண்டு. சனங்களும் தாராளமாகக் கொடுத்தார்கள் என்கிறார். அவர் எங்களுக்கு நண்பர் அல்ல, அரசனுக்கும் நண்பர் அல்ல. கண்டதை எழுதினார். 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் கடைகள் எரிந்தபோது, "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்" என்று கேட்டவர்களுக்குக் காட்ட என் கையில் இருந்தது இந்தப் பகுதிதான். காட்டினேனா? இல்லை. அன்று யாரும் புத்தகம் வாசிக்கும் நிலையில் இல்லை.

அட்டைக்கு வருவோம். நொக்ஸ் எழுதுகிறார்: இந்த மலைநாட்டார் தேசிக்காயையும் உப்பையும் துணியில் முடிந்து ஒரு தடி நுனியில் கட்டிக்கொண்டு நடப்பார்கள், அடிக்கடி காலில் தட்டினால் அட்டை விழும். இப்னு பதூதாவுக்கும் இவருக்கும் இடையில் 330 வருடத்துக்கு மேல். ஒருவர் அரபியில் எழுதினார், ஒருவர் ஆங்கிலத்தில். ஒருவர் மற்றவரை வாசித்திருக்க வாய்ப்பே இல்லை. தேசிக்காய் மட்டும் மாறவில்லை. அதை இருவருக்கும் காட்டியவர்கள் பெயரில்லாத வழிப்போக்கர்கள், பொதிக்காரர்கள். என் உம்மாவின் வாப்பா பாக்குத் தோட்டத்துக்குப் போகும்போது முருங்கைத் தடியில் இதே முடிச்சைக் கட்டியிருப்பார். அதைச் சின்ன வயதில் நான் ஏதோ பைத்தியக்கார வேலை என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் இதையெல்லாம் அந்த வகுப்புக்குச் சொன்னேன். பிறகு அவர்களே ஒரு சுற்றுலாக் கேட்டார்கள். ஜீப் சஃபாரிக்குக் காசு இல்லை. பெண் பிள்ளைகளை விடுவதற்குப் பெற்றோரிடம் இரண்டு கூட்டம் வைக்க வேண்டியிருந்தது. வாடகை பஸ் ஒன்று, வீட்டில் கட்டிய சோற்றுப் பார்சல், சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பாடு. மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக மூதூர். நொக்ஸைப் பிடித்த இடம் என்று சொல்லப்படும் வெள்ளைக்காரன் மரத்தைப் பார்ப்பது திட்டம்.

ஆகஸ்ட் மாதம், காடு காய்ந்து கிடந்தது. மின்னேரியாக் குளத்தில் தண்ணீர் வற்றி இளம்புல் முளைக்கும் காலம், யானைகள் அங்கே கூடும் காலம். அவை இருக்கும் பக்கத்தைப் பஸ்ஸில் இருந்து கையால் காட்டினேன். ஹபரணையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பாதையின் நடுவில் ஒரு கொம்பன் இல்லாத ஆண் யானை. டிரைவர் நாநா எஞ்சினை நிறுத்தினார். "வாழைப்பழம் ஒருத்தரும் போடக்கூடாது, போன் லைட் அடிக்கக்கூடாது" என்றார். பின்னால் லொறிக்காரர் ஒருவர் ஹோர்ன் அடித்தார், பிறகு அவரும் அடங்கிவிட்டார்.

நாற்பது பிள்ளைகள் மூச்சு விடாமல் இருந்தார்கள். அந்த யானை எங்களை நன்றாகப் பார்த்தது. கடைதானே என்று சொன்ன பையன் மெதுவாக என் காதுக்குள் கேட்டான்:

"சேர், விடியுமட்டும் நிற்க வேண்டி வருமா?"

நாற்பது நிமிடம் நின்றோம். மூதூரில் லுஹர் பிந்திவிட்டது.