இலகு விமானப் புரொப்பெல்லர் (தாமே கட்டும் விமானங்கள்)

எஞ்சினின் சுழற்சியை உந்துவிசையாக மாற்றும் உறுப்பு. விமானத்தைத் தாமே கட்டுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இதழ்களின் சாய்வு நிலையானதா, மாறக்கூடியதா என்பதே. நிலையான சாய்வு எப்போதும் சமரசம்தான்: குறைவாக வைத்தால் விமானம் சட்டென மேலேறும், நேர்ப்பறத்தலில் எஞ்சின் சுழற்சி வரம்பைத் தொட்டுவிடும், கூட்டினால் வேகம் கிடைக்கும், ஓடுபாதை நீளமாகத் தேவைப்படும். பறக்கும்போதே சாய்வை மாற்றிக்கொள்ளும் மாறாச் சுழல்வேக வகை இரண்டையும் தரும். ஆனால் விலையும் எடையும் மிக அதிகம்.

100 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சினுக்குத் தரையில் சாய்வைத் திருத்தும் கார்பன் இழைப் புரொப்பெல்லரே பெரும்பாலும் நல்ல தேர்வு. எஞ்சினின் 5,800 சுற்றுகளைக் கியர்பெட்டி 2.43-இல் ஒரு பங்காக, ஏறத்தாழ 2,390 ஆகக் குறைக்கிறது. கனமான உலோக இதழ்களின் சடத்துவம் அந்தக் கியர்களைப் பாதிக்கும். எல்லா இதழ்களையும் ஒரே கோணத்தில் பொருத்தாவிட்டால் அதிர்வு உடனே தெரியும்.

மரம் அதிர்வை நன்கு உள்வாங்கும், விலையும் குறைவு. ஆயினும் ஈரப்பதத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும். எனவே போல்ட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் அவ்வப்போது சரிபார்ப்பது கட்டாயம். மழையில் பறந்தால் இதழின் முன்விளிம்பு அரித்துப்போகும்.