சீதக்காதி: ஒரு பேர் தமிழான கதை

போன மாசம் உவரிக்குப் போயிருந்தேன். அந்தோணியார் கோயில் பக்கம் நின்னு யாராவது ‘ஏ அந்தோணி’ன்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்புவாங்க. 1231ல் இத்தாலியில இறந்துபோன ஒரு துறவியோட பேர், லத்தீன் பேர். ஆனா அந்தக் கரையில அது ஊர்ப் பேர் மாதிரிதான்.

கூட வந்த நண்பன் காயல்பட்டினத்துக்காரன். அவன் பேர்ல ‘அப்துல் காதர்’ இருக்கு. சென்னையில வீடு பார்க்கப் போனப்போ, பேரைக் கேட்ட வீட்டுக்காரர் அடுத்ததாக் கேட்டாராம்: “நீங்க தமிழா, முஸ்லிமா?” இவனுக்கு வீட்டுல தமிழை விட்டா வேற பேச்சு கிடையாது.

உவரியிலிருந்து கரையோரமா காயல்பட்டினத்தைத் தாண்டி வடகிழக்கே போனா கீழக்கரை வரும். 2018ல ‘சீதக்காதி’ன்னு ஒரு படம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அந்தத் தலைப்பு, ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ங்கிற பழமொழியில இருந்து வந்தது. சீதக்காதி 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில வாழ்ந்த பெரிய வணிகர். முழுப் பேர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர்.

அரபியில ‘ஷெய்கு’ன்னா பெரியவர். ‘அப்து’ அடிமை. ‘காதிர்’ ஆற்றல் உடையவன். இறைவனின் திருநாமங்களில் ஒன்று. தமிழ் வாய்க்குள்ள ஷெய்கும் அப்துவும் ஒட்டிக்கிட்டு ‘சீத’ ஆயிடுச்சு, காதிர் ‘காதி’ ஆயிடுச்சு. சீதம்னா குளிர்ச்சி, குளிர்ந்த மனசுக்காரர் போலன்னு சின்ன வயசுல நானே நினைச்சிருக்கேன்!

இந்தப் பேர் இவ்வளவு பரவக் காரணம், பாக்தாத்தில் 1166ல் மறைந்த சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி. அவருக்கு ‘முஹ்யித்தீன்’னு ஒரு பட்டம், மார்க்கத்துக்கு உயிர் கொடுத்தவர்னு பொருள். நம்ம ஊர் மைதீன், முகைதீன் எல்லாம் அதுதான். காதர் மைதீன்னு ஒருத்தரைக் கூப்பிட்டா, ஒரே ஞானியோட பேரையும் பட்டத்தையும் சேர்த்துக் கூப்பிடுறோம்.

நபிகளோட வாழ்க்கையைச் சீறாப்புராணமா, தமிழ்க் காப்பியமா, எழுதவெச்ச புரவலர் சீதக்காதின்னு சொல்லுவாங்க. எழுதியவர் உமறுப் புலவர். ‘உமர்’ங்கிற அரபுப் பேருக்குக் கடைசியில ஒரு உகரம் சேர்ந்து ‘உமறு’ ஆயிருக்கு பாருங்க.

“பழமொழி சொல்றப்ப அந்த வீட்டுக்காரரும் சீதக்காதின்னுதானே சொல்லியிருப்பாரு?”ன்னான் நண்பன்.

அந்த வீடு கிடைக்கலை. இப்ப இருக்கிற வீட்டோட ஓனரம்மா அவனைக் ‘காதரு’ன்னு கூப்பிடுறாங்க.