மலிவு விலை மின்கிட்டாரை வீட்டிலேயே புதுப்பிப்பது எப்படி?

பதின்ம வயதில் ஆசையாக வாங்கிய மின்கிட்டார், அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் சாய்ந்து கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம். தந்திகள் துருப்பிடித்திருக்கும். ஒலிக் குமிழைத் திருப்பினால் கரகரவெனச் சத்தம் வரும். உடற்பகுதியில் கீறல்கள் விழுந்திருக்கும். ‘இதற்குச் செலவு செய்வதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே’ என்று தோன்றுவது இயல்பு.

ஆனால், குறைந்த விலைக் கிட்டார்கள் பலவற்றில் குறை மரத்தில் இருப்பதில்லை. மலிவான உதிரிபாகங்களும், தொழிற்சாலையில் இறுதிக்கட்டச் சீரமைப்புக்குப் போதிய நேரம் ஒதுக்கப்படாததுமே முக்கியக் காரணங்கள். இவ்விரண்டையும் பொறுமை உள்ளவர்கள் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஆயினும், ஈரப்பதம் மிகுந்த சிங்கப்பூரில், அதுவும் வீவக வீட்டில் இந்த வேலையில் இறங்குவோர் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

சிங்கப்பூரும் மின்கிட்டாரும்

1961ஆம் ஆண்டு கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷேடோஸ்’ குழுவும் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் நிகழ்ச்சி படைத்ததைத் தொடர்ந்து, இங்குள்ள இளையர்களிடையே மின்கிட்டார் மோகம் பரவியது. 1964ல் ‘தி குவெஸ்ட்ஸ்’ குழுவின் ‘ஷாண்டி’ என்ற இசைப்பதிவு உள்ளூர்ப் பாடல் வரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. 1992ல் உருவான ‘ருத்ரா’ குழு, மெட்டல் இசையோடு வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் இணைத்து, சிங்கப்பூர் இந்தியர்களின் கிட்டார் இசையை வெளிநாட்டு மேடைகளுக்கும் கொண்டு சென்றது.

கருவியைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வதும் நம் இசைக்குப் புதிதன்று. மேண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகள் கொண்ட மேண்டலினைக் கைவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின்மேண்டலினில்தான் கர்நாடக இசையின் கமகங்களைக் கொண்டுவந்தார்.

மேலை நாடுகளிலும் இதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரிகள் உண்டு. ‘குவீன்’ குழுவின் பிரையன் மே, 1963ல் தம் தந்தையுடன் சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து கிட்டார் செய்யத் தொடங்கினார். எட்டி வான் ஹேலன், தொழிற்சாலை கழித்த மலிவான உடற்பகுதியை வாங்கி, மிதிவண்டிக்கு அடிக்கும் சாயத்தை அதில் பூசினார். இரண்டும் ராக் இசை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன.

முதலில் பரிசோதனை

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னர் கிட்டாரின் கழுத்தைச் சோதிக்கவேண்டும். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கிக் கண்ணை ஓட்டினால் வளைவு தெரியும். சற்றே வளைந்திருந்தால் கவலையில்லை. கழுத்துக்குள் ஓடும் ‘டிரஸ் ராட்’ எனப்படும் எஃகுக் கம்பியைத் திருகி அதனைச் சரிசெய்துவிடலாம். கழுத்து துணி பிழிவதுபோல முறுக்கிக்கொண்டிருந்தால், அல்லது டிரஸ் ராட் திரும்ப மறுத்தால், அந்தக் கிட்டாருக்குப் பணம் செலவிடாமல் இருப்பதே நலம்.

தாத்தாவோ மாமாவோ விட்டுச்சென்ற 1960களின் கிட்டார் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற அக்கால ஜப்பானியத் தயாரிப்புகளைச் சேகரிப்போர் உள்ளனர். பழைய கருவியின் அசல் பூச்சைச் சுரண்டிவிட்டால் அதன் மதிப்பு குறையும். இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. அத்தகைய கிட்டாரைத் துடைத்து, தந்தி மாற்றி, அப்படியே வைத்துக்கொள்வதே சரி. பழகிப் பார்ப்பதற்கு ஏற்றது, பெரிய எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட அண்மைக்காலக் கிட்டார்தான்.

பிரிக்கும்போது கவனம்

1950களில் லியோ ஃபெண்டர் அறிமுகப்படுத்திய கிட்டார்களில் கழுத்து ஒட்டப்படவில்லை. நான்கு திருகாணிகளால் உடற்பகுதியுடன் பொருத்தப்பட்டது. அந்த வடிவத்தைப் பின்பற்றும் மலிவு விலைக் கிட்டார்களையும் ஒரு திருப்புளியைக் கொண்டே பிரித்துவிடலாம்.

தந்திகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திய பிறகே கழற்றவேண்டும். ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 40 கிலோ விசையுடன் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அடுத்து, முன்தகட்டைத் தூக்குமுன் உள்ளே உள்ள வயர் இணைப்புகளைக் கைப்பேசியில் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்வது அவசியம். திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் பிரித்துப் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தால் பின்னர் குழப்பம் வராது.

திருகாணித் துளை தேய்ந்து பிடிமானம் இழந்திருந்தால், பல்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளையில் செருகி, காய்ந்ததும் மட்டமாக நறுக்கிவிட்டு மீண்டும் முடுக்கலாம்.

பழைய பூச்சை அகற்றவேண்டுமா?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். மலிவு விலைக் கிட்டார்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன் பூச்சைத் தடிமனாகக் கொண்டவை. கடைகளில் கிடைக்கும் சாயம் நீக்கும் திரவங்களுக்கு அவை எளிதில் மசிவதில்லை. வெப்பக் காற்றுக் கருவியால் இளக்கிச் சுரண்டினால் நச்சுப் புகை வரும், மரமும் கருகக்கூடும். அத்தனை பாடுபட்டு அகற்றினாலும் உள்ளே இருப்பது பல துண்டுகளை ஒட்டிய, அழகில்லாத மரமாக இருக்கலாம்.

ஆகவே, அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற வழி, பழைய பூச்சையே அடித்தளமாகக் கொள்வதுதான். 320 அல்லது 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேய்த்து, ஆழமான கீறல்களை நிரப்பி, அதன்மேல் புதுச் சாயம் பூசலாம். பூச்சு முழுமையாக இருக்கும் இடங்களில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. ஆனால் மரம் வெளியே தெரியும் இடங்களிலும் திருகாணித் துளைகளைச் சுற்றியும் தண்ணீர் படக்கூடாது. மரம் ஊறி உப்பி, பூச்சு வெடித்துவிடும். உலர்நிலையில் தேய்ப்பவர்கள் என்95 முகக்கவசம் அணியவேண்டும்.

கழுத்து உட்காரும் குழியை மறைப்பு நாடாவால் ஒட்டி மூடிவிட வேண்டும். அங்கே சாயம் ஏறினால் கழுத்து மீண்டும் பொருந்தாமல் போகலாம்.

தெளிப்பதா, கையால் பூசுவதா?

கலன் சாயத்தைத் தெளித்தால் மேற்பரப்பு சீராக அமையும். ஆனால் அதற்குத் திறந்த, காற்றோட்டமான, பிறருக்குத் தொந்தரவு தராத இடம் வேண்டும். பொது நடைபாதை, மாடிப்படி, புளோக்கின் கீழ்த்தளம் ஆகியவை அதற்கான இடங்கள் அல்ல. சமையலறையை ஒட்டிய துணி காயப்போடும் பகுதியும் ஆபத்தானது. கலனிலிருந்து வெளியேறும் வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. அருகிலேயே எரிவாயு அடுப்போ நீர்சூடேற்றியோ இருக்கக்கூடும்.

இரண்டு திரவங்கள் கலந்து இறுகும் ‘2கே’ வகைக் கலன்களில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உள்ளது. சாதாரண முகக்கவசம் அதற்குப் போதாது. வீட்டில் அதனைத் தவிர்த்துவிட வேண்டும்.

தெளிப்பவர்கள் வானிலையையும் பார்க்கவேண்டும். சிங்கப்பூரில் விடியலுக்குச் சற்றுமுன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாள்களில் பிற்பகலில் அது 60 விழுக்காட்டை ஒட்டிக் குறையும். லேக்கர் பூச்சு உலரும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் நீர்த்துளிகள் அதில் படிந்து, பூச்சு பால்போல வெளுத்துவிடும். எனவே மழையில்லாத பிற்பகலே உகந்த நேரம். தடிமனாக ஒரு முறை அடிப்பதைவிட மெல்லியதாகப் பல முறை அடிப்பது பாதுகாப்பானது.

பொருத்தமான இடம் இல்லாதோர் நீர் கலந்த அக்ரிலிக் சாயத்தைச் சிறு நுரை உருளையால் பூசி, அதன்மேல் நீர் கலந்த பாலியூரித்தேனைத் துணியால் தடவலாம். வாடையும் குறைவு, அண்டைவீட்டாருக்கும் தொல்லையில்லை.

ஏற்கெனவே பூச்சில்லாத மரமாக இருந்தால் டங் எண்ணெய், லின்சீட் எண்ணெய் போன்றவற்றைத் தேய்க்கலாம். இதில் பலர் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டால், அது உலரும்போது எழும் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பற்றக்கூடும். துணியை விரித்து உலர்த்தவேண்டும். அல்லது தண்ணீரில் நனைத்து வைக்கவேண்டும்.

லேக்கர் தெளித்த பிறகு குறைந்தது இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருக்கவேண்டும். தொட்டால் காய்ந்ததுபோல் இருப்பது போதாது. முகர்ந்து பார்த்தால் வாடை அறவே இருக்கக்கூடாது. அதன்பிறகு 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, காருக்குப் போடும் மெருகுப் பசையால் துடைத்தால் கண்ணாடிபோல் மின்னும்.

ஒலியை மேம்படுத்த

குமிழ் கரகரத்தால் உடனே மாற்றவேண்டியதில்லை. மின்தொடர்புகளுக்கான சுத்திகரிப்புத் திரவத்தை உள்ளே தெளித்து, இருபது முப்பது முறை திருப்பினாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

ஒற்றைச் சுருள் பிக்கப்புகளில் கேட்கும் ‘உம்ம்’ என்ற இரைச்சல், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வோடு தொடர்புடையது. பாகங்கள் அமரும் குழியின் உட்புறம் முழுவதும் செப்பு நாடா ஒட்டி, அதனைத் தரையிணைப்பு வயருடன் இணைத்தால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஓரளவு குறையும். முற்றாக நீக்க விரும்புவோர், 1955ல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த ‘ஹம்பக்கர்’ எனும் இரட்டைச் சுருள் பிக்கப்பை நாடலாம்.

புதிய குமிழ்களை வாங்கும்போது ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது பொதுவான அளவு. சால்டரிங் செய்யும்போது மின்னணுப் பாகங்களுக்கான ஈயக்கம்பியையே பயன்படுத்தவேண்டும். பிரிட்ஜுக்குச் செல்லும் தரையிணைப்பு வயரை மறந்துவிட்டால் எவ்வளவு செலவிட்டாலும் இரைச்சல் தொடரும்.

கிட்டாருக்குள் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் ஆபத்தில்லை. ஒலிபெருக்கி அப்படியன்று. குறிப்பாக, வால்வு ஒலிபெருக்கியில் மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதனைப் பயிற்சி பெற்றவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

மெட்டுகளும் இறுதிச் சீரமைப்பும்

தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுவதால் அவற்றை மீண்டும் எடுத்துப் பொருத்தலாம். கிட்டாரின் 21 அல்லது 22 மெட்டுகள் மரத்தில் இறுகப் பொருத்தப்பட்டவை. அவற்றின் ஓரம் கையைக் கீறினால் நுண்ணிய அரத்தால் மெல்ல மழுங்கச் செய்யலாம். துருவை மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் துடைக்கலாம். ஆனால் பிக்கப்பின் காந்தம் கம்பளித் துகள்களை இழுத்துக்கொள்ளும் என்பதால், கழுத்தைத் தனியே கழற்றி வைத்துக்கொண்டே இதைச் செய்யவேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு செய்யும் சீரமைப்பே கிட்டாரின் தன்மையை அதிகம் மாற்றுகிறது. இதற்கான வரிசை முக்கியம்:

• புதுத் தந்திகளைப் பூட்டிச் சுருதி சேர்க்கவேண்டும்.

• முதல் மெட்டிலும் கழுத்து உடலைச் சேரும் மெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்து, நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்கவேண்டும். ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அச்சுத்தாள்களின் தடிமன் இருந்தால் போதும். இடைவெளி கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் முடுக்கிவிட்டுப் பொறுத்திருந்து பார்க்கவேண்டும்.

• 12வது மெட்டுக்கு மேல் தந்தியின் உயரத்தை மெல்லிய தந்திக்கு 1.6 மில்லிமீட்டர், தடித்த தந்திக்கு 2 மில்லிமீட்டர் அளவில் வைத்துப் பார்க்கலாம்.

• 12வது மெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும், அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்தும்போது சுரம் ஏறியிருந்தால், பிரிட்ஜில் தந்தி அமரும் சிறு பாகத்தைப் பின்னுக்கு நகர்த்தவேண்டும்.

எங்கே வாங்கலாம்?

கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா கடைத்தொகுதி நீண்டகாலமாகவே கிட்டார் கடைகளுக்குப் பெயர்பெற்றது. தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஜாலான் புசாரின் சிம் லிம் டவர் மின்னணு உதிரிபாகங்களுக்கும், அதே வட்டாரத்தின் வன்பொருள் கடைகள் உப்புத்தாள், திருகாணி, சாயம் போன்றவற்றுக்கும் கைகொடுக்கும். பழைய பொருள்களுக்குப் பேர்போன சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியுடன் மூடப்பட்டுவிட்டது. இப்போது பழைய கிட்டார்கள் பெரும்பாலும் இணையத்தில்தான் கைமாறுகின்றன.

வாங்குமுன் அளந்துகொள்வது அவசியம். டியூனர் துளையின் விட்டம், நட்டின் அகலம், பிரிட்ஜில் தந்திகளுக்கிடையிலான தூரம் ஆகியவை ஒரு நிறுவனத்தின் கிட்டாருக்கும் மற்றொன்றுக்கும் வேறுபடும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பாகம் பொருந்தாது. மீந்த சாயத்தைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றக்கூடாது.

எங்கே நிறுத்துவது?

புதுப்பிக்கப்பட்ட மலிவு விலைக் கிட்டாரை விற்றால் போட்ட பணம் திரும்பக் கிடைப்பது அரிது. ஆகவே, செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. முதலில் சுத்தம் செய்து, புதுத் தந்தி பூட்டி, முறையாகச் சீரமைக்கவேண்டும். பிக்கப்பின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதற்கும் காசு தேவையில்லை. அடுத்து நட், டியூனர், குமிழ்கள். அதன்பிறகும் ஒலி மனத்துக்குப் பிடிக்காவிட்டால் மட்டுமே பிக்கப். எல்லாம் சேர்ந்து கிட்டாரின் விலையைத் தாண்டுமானால், அந்தப் பணத்தில் இன்னும் நல்ல கிட்டாரே வாங்கிவிடலாம்.

புதுச் சாயம் ஒலியைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றாது. ஆனால் தன் கையால் தேய்த்து, பூசி, பூட்டிய கிட்டாரை மீண்டும் அலமாரிக்குப் பின்னால் சாய்த்துவைக்க எவருக்கும் மனம் வராது.